விளையாட்டுப் பெட்டியா? கணினியா? பெற்றோரே, சிந்திப்பீர்!



தீபாவளி நெருங்கினால், பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம் ஜொகூர்த் தந்தையர் பலர், பிள்ளைக்கு ஒரு பிளேஸ்டேஷன் வாங்கித் தந்து மகிழ்கின்றனர். விடியுமுன் புறப்பட்டு இருட்டியபின் வீடு திரும்புகிறவர்களின் பாசம் அது. அந்தப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், அந்தப் பணம் போகும் வழியைக் குறை சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

விளையாட்டே கூடாது என்னும் ஆசிரியர்களோடு நான் உடன்படவில்லை. பிள்ளைகள் விளையாடத்தான் செய்வார்கள். எதில் விளையாடுகிறார்கள் என்பதே என் கேள்வி. வீட்டில் ஈராயிரம் வெள்ளிக்கு மேற்பட்ட விளையாட்டுப் பெட்டி இருக்கிறது, கணினி இல்லை! இதுதான் பொறுக்கவில்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. தொடர்ந்து இல்லிருப்புக் கற்றல் வந்தது. அம்மாவின் கைப்பேசிக்காக அண்ணனும் தங்கையும் முறைவைத்துக் காத்திருந்த வீடுகள் எத்தனை! அவ்வீடுகள் சிலவற்றில் விளையாட்டுப் பெட்டி சும்மா கிடந்தது. கட்டுரை எழுதவோ, பயிற்றியை அச்சிடவோ, தமிழ்99 விசைமுறையைப் பழகவோ அது உதவவில்லை.

“பெட்டிதான் மலிவு” என்பார்கள். பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டிற்கு 2020 திசம்பரில் வந்தபோது, வட்டு இயக்கியுள்ள வகை 2,299 ரிங்கிட். பின்னர் விலை ஏறியது. செலவு அத்தோடு நின்றதா? பெட்டியைக் குறைந்த ஆதாயத்திற்கு விற்று, ஆட்டங்களிலும் சந்தாவிலும் ஈட்டுவதே அத்தொழிலின் வழி. விலைகொடுத்து வாங்கிய ஆட்டத்தையும் நண்பர்களோடு இணையவழி ஆட வேண்டுமானால், பெரும்பாலும் தனிச் சந்தா கட்டவேண்டும். கணினியில் பெரும்பாலான ஆட்டங்களுக்கு அத்தகைய சந்தா இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? இரு வழிகள் உள்ளன.

1. அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய மேசைக் கணினியை வாங்கலாம். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாகப் பாருங்கள். அதற்கு முந்தியவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு ஏற்கப்படுவதில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பணம் சேர்ந்தபின் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற வரைகலை அட்டையைச் சேர்க்கலாம். அதில் 75 வாட்டுக்குள், தனி மின்கம்பி இன்றி இயங்கும் வகை உண்டு. ஒல்லியான கணினிக்குக் குட்டையான அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

2. புதிதாகவே பொருத்துவதாயின், ரைசன் 5 5600ஜி போல வரைகலைத் திறனும் உள்ளடங்கிய செயலியைக் கொண்டு தொடங்கலாம். தனி அட்டையைப் பிறகு வாங்கலாம். மைன்கிராப்ட், ரோப்லாக்ஸ் போன்றவற்றிற்கு இதுவே போதும்.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டா: மின்வழங்கி. பெயர் தெரியாத மலிவுப் பொருள் மற்ற பாகங்களையும் பாழாக்கக்கூடும். அதன் கூட்டைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

உண்மையை மறைக்க விரும்பவில்லை. அதே பணத்திற்கு விளையாட்டுப் பெட்டி தரும் காட்சித் தெளிவை இக்கணினி தராது. 2025 இறுதியிலிருந்து நினைவகத்தின் விலையும் கடுமையாக ஏறிவிட்டது. ஏன் ஏறியது? செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதுதான் முதன்மைக் காரணம்.

அந்தத் தரவு மையங்கள் எங்கே எழுகின்றன? நம் கூலாயிலும் செடெனாக்கிலும்தான்! நம் தாத்தாமார் பால்மரம் சீவிய மண்ணில்தான்! 2025 சனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. அக்கட்டடங்களின் வாயிலில் நம் பிள்ளை காவல் நிற்பானா? உள்ளே கருவிகளைப் பேணும் தொழில்நுட்பராக இருப்பானா? காவல் வேலை இழிவன்று. ஆயினும், வேறு வழி தெரியாததால் மட்டும் ஒருவன் அங்கே நிற்கக்கூடாது.

நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஒரு பாடமாக இருக்கிறது. பாடநூலில் படத்தைப் பார்ப்பது வேறு. நினைவகத்தைத் தன் கையால் செருகி, திரை ஒளிராதபோது ‘ஏன்?’ என்று தேடுவது வேறு. அந்தத் தேடலே கல்வி. விளையாட்டுப் பெட்டி பழுதானால் கடைக்குப் போகிறது. கணினி பழுதானால் பிள்ளை சிந்திக்கத் தொடங்குகிறான்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர் கூட்டத்தில் தேர்ச்சிப் புள்ளிகளோடு இதையும் பேசுங்கள். பெற்றோரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு அமர்ந்து கணினியைப் பொருத்துங்கள். மகளையும் உடன் அமர்த்துங்கள். திருப்புளி ஆண்பிள்ளைக்கு மட்டும் உரியதன்று.

விளையாடட்டும்! ஆனால், கற்கவும் உதவும் கருவியில் விளையாடட்டும்!