மானுக்கு வேண்டுவது புல்

மாங்கேணியிலிருந்து கோணேசர் தரிசனத்துக்குத் திருகோணமலை செல்லும் நம்மவர், பிரெட்ரிக் கோட்டையருகே புள்ளிமான்களுக்குப் பாணும் சோறும் எறிவதைப் புண்ணியமென்று கருதுகின்றனர். நிறைவது மானின் வயிறா, நமது மனமா?

அசைபோடும் விலங்கின் இரைப்பை புல்லுக்கும் தழைக்குமென அமைந்தது. மாப்பண்டம் மிகுந்தால் அங்கே புளிப்பேறும். மான் மெலியும், மாளவும் கூடும். எச்சிற் சோற்றுடன் விழுங்கிய பொலித்தீன் பையோ வயிற்றிலேயே தங்கிவிடும். வயிறு நிறைந்திருக்க உடல் வற்றும். மாடு வளர்க்கும் நம் உழவருக்கு இது புதிதன்று.

1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானை வேட்டுவனிடமிருந்து காக்கலாம். குப்பைப் பையிலிருந்து காப்பவர் யார்? நகர நிர்வாகத்தினர் குப்பைமேட்டுக்கு வேலியிட்டு, புற்றரையையும் கோடைத் தண்ணீரையும் பேணட்டும். மான் தானே கொழுக்கும். மாங்கேணிக் காட்டோரங்களிலும் மேய்ச்சல் நிலத்தைக் கூறுபோடலாகாதென அதிகாரிகளைக் கேட்கிறோம்.