கடல் கடந்த பிள்ளையின் முதுசம்

ஒல்லாந்து நாட்டில் தந்தை இறக்கிறார். பிள்ளையோ வேறு நாட்டில் வாழ்கிறது. அங்குள்ள ஆதனத்தில் அப்பிள்ளைக்கு உரிமை உண்டோ? 1983ஆம் ஆண்டுக்குப் பின் அந்நாட்டிற் குடியேறிய நம்மவர் பலர் இன்று முதுமை எய்திவிட்டனர். ஆதலால் இக்கேள்வி யாழ்ப்பாணத்து வீடுகளிலும் எழுகின்றது.

உண்டு என்பதே விடை. 2003 சனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள ஒல்லாந்துக் குடியியற் சட்டக்கோவையின் நான்காம் நூல், உரித்தாளன் எந்நாட்டவன், எங்கு வாழ்பவன் என்று வினவுவதில்லை. 2015 ஆகஸ்ட் 17 முதல் நிகழ்ந்த இறப்புகளுக்கு ஐரோப்பிய ஒழுங்குவிதிப்படி, பொதுவாக, இறந்தவர் இறுதியில் வழமையாக வாழ்ந்த நாட்டின் சட்டமே ஆளும். தாம் குடியுரிமை பெற்ற நாட்டின் சட்டத்தை மரணசாசனத்திலே தெரிந்துகொள்ளவும் அவருக்கு இடமுண்டு. யாழ்ப்பாணத்துக் காணியைப் பொறுத்தவரை நம் நாட்டு நீதிமன்றம் காணி இருக்கும் இடத்துச் சட்டத்தையே நோக்கும். அது வேறு வழக்கு.

மரணசாசனத்தால் விலக்கப்பட்ட பிள்ளையையும் ஒல்லாந்துச் சட்டம் கைவிடவில்லை. சாசனம் இல்லாவிடின் கிடைக்கக்கூடிய பங்கின் பெறுமதியிற் பாதியை அப்பிள்ளை கோரலாம். மனைவியை முன்னரே இழந்த ஒருவர் மூன்று பிள்ளைகளை விட்டு இறந்தார் என்று கொள்வோம். கடன் போக மிஞ்சியது 300,000 யூரோ. விலக்கப்பட்ட பிள்ளையின் பங்கு மூன்றில் ஒன்று. அதிற் பாதி 50,000 யூரோ. வீட்டிலோ காணியிலோ பங்கில்லை, பணமாகவே கேட்கலாம். அப்பிள்ளை கடன்கொடுத்தவன் நிலையில் நிற்கின்றது. இக்காப்பு உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியாக நமது நாட்டிலும் இருந்தது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதனை நீக்கிவிட்டது. தந்த நாடு வைத்திருக்கின்றது. பெற்ற நாடு இழந்துவிட்டது!

சாசனம் எழுதாது இறந்தவருக்கு மனைவி உயிரோடிருப்பின், ஆதனம் முழுவதும் அவள் கைக்கே செல்லும். பிள்ளைகளின் பங்கு அவள் தரவேண்டிய கடனாக நிற்கும். பெரும்பாலும் அவள் இறந்த பின்னரே அதனைப் பெறலாம். சிற்றன்னை ஏமாற்றிவிட்டாள் என்று தூரத்துப் பிள்ளை பொருமுவதற்கு முன் இதனை அறிந்துகொள்ளுதல் நன்று.

குறை எங்கே? விலக்கப்பட்ட பிள்ளை தன் பங்கைக் கோருவதாகத் தெரிவிக்கவேண்டிய கடைசி எல்லை ஐந்து ஆண்டுகள். அக்காலம் பிள்ளை செய்தி அறிந்த நாளிலிருந்தன்று, தந்தை இறந்த நாளிலிருந்தே எண்ணப்படுகின்றது. உடன்பிறந்தார் வாய்திறவாது ஐந்து ஆண்டுகளைக் கடத்திவிட்டால் உரிமை அற்றுவிடும். அடுத்த தெருவில் வாழ்பவனுக்கு இவ்விதி பெரும்பாலும் இடையூறன்று. கடல் கடந்தவனுக்கோ அது கதவடைப்பு. எழுத்திலே சமமான சட்டம் பயனிலே சமமற்றதாகின்றது.

கடன் பற்றிய ஆபத்தும் உண்டு. உரித்தாளன் முழுமையாக ஏற்கலாம், ஆதனத்தின் அளவுக்கு மட்டும் பொறுப்பேற்கலாம், மறுக்கலாம். பின்னவை இரண்டிற்கும் நீதிமன்றப் பதிவகத்திற் கூற்றுச் செய்தல்வேண்டும். ஈமக்கிரியைக்குச் சென்றவன் தந்தையின் காரை விற்றுவிட்டு வந்தால், முழுமையாக ஏற்றவனாகித் தன் சொந்தப் பொருளாலும் தந்தையின் கடனைத் தீர்க்க நேரிடலாம். 2016 செப்டெம்பர் 1இல் வந்த திருத்தம் எதிர்பாராத கடனுக்கு ஓரளவு நிவாரணம் தருகின்றது. ஆனால் கடன் தெரியவந்து மூன்று மாதங்களுக்குள் நீதிபதியை நாடவேண்டும்.

நாம் கேட்பது சலுகையன்று. பிறநாட்டில் வாழும் பிள்ளைக்கு அந்த ஐந்து ஆண்டுகள், இறப்பைப் பற்றி எழுத்திலே அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்கவேண்டும். அவ்வாறு அறிவிக்கும் கடமை உரித்துச் சான்றிதழ் வழங்கும் நொத்தாரிசுக்கு இருக்கவேண்டும். சட்டம் திருந்தும்வரை காத்திராது, ஒல்லாந்தில் வாழும் நம் முதியோர் தம் பிள்ளைகள் அனைவரின் முகவரிகளையும், விலக்கியோரின் முகவரி உட்பட, தம் நொத்தாரிசிடம் இன்றே எழுதிக் கொடுப்பாராக.