மூணு நாள் பொறுங்க... மாட்டோட கழுத்தே சொல்லிடும்!

சந்தையில் மாடு வாங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? தரகர் கையில் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். மடியைத் தடவி, காம்பைப் பீய்ச்சி, நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள்.

திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் எங்கள் சித்தப்பாவும் இத்தனையும் பார்த்துத்தான் செவலையை வாங்கினார். விலை 65,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் சித்தி மகளிர் குழுவில் எடுத்த கடன். ஏற்கெனவே கொட்டகையில் இருந்த கருப்பிக்குப் பக்கத்திலேயே செவலையையும் கட்டினார்கள்.

ஆறு மாதத்தில் செவலை இளைக்க ஆரம்பித்தது. தீவனத்தில் குறை இல்லை. பூச்சி மருந்து கொடுத்தாச்சு, ஊசியும் போட்டாச்சு. ஆனாலும் விலா எலும்பு தெரிந்தது. விடியற்காலையில் கொட்டகையிலிருந்து ஒரு வறட்டு இருமல் கேட்கும். கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. டி.பி-க்கு டெஸ்ட் பண்ணிடுவோம்" என்றார்.

சித்தப்பா போனில் சொன்னபோது, "மாட்டுக்கு டி.பி-யா?" என்று நான் சிரித்துவிட்டேன். அன்று ராத்திரி உட்கார்ந்து படித்த பிறகு சிரிப்பு வரவில்லை. இந்த வாரக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

மாட்டுக்கும் காசநோய் வருமா?

வரும். மனிதர்களுக்கு வரும் காசநோய்க் கிருமியின் நெருங்கிய சொந்தக்காரர்கள்தான் மாடுகளைத் தாக்குகின்றன. அதில் பெயர் பெற்றது 'மைக்கோபாக்டீரியம் போவிஸ்'. நம் பகுதியில் 'ஓரிஜிஸ்' என்ற இன்னொரு கிருமியும் மாடுகளிடம் இருக்கிறது. வேலூரில் காசநோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வில், மனிதர்களிடமே இந்த ஓரிஜிஸ் இருந்தது தெரியவந்தது.

ஒரு மாட்டிடமிருந்து இன்னொரு மாட்டுக்கு இது பெரும்பாலும் மூச்சு வழியாகப் போகிறது. மாட்டிடமிருந்து நமக்கு இரண்டு வழி. ஒன்று, காய்ச்சாத பால். இன்னொன்று, கொட்டகையில் கூடவே இருந்து அதன் மூச்சுக்காற்றைச் சுவாசிப்பது. மனிதரிடமிருந்து மாட்டுக்குத் தொற்றுவதும் உண்டு.

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் ஒரு கணக்கு வெளியானது. அதன்படி, நம் நாட்டு மாடுகளில் சுமார் 7.3 சதவிகிதத்துக்கு இந்தத் தொற்று இருக்கலாம். எண்ணிக்கையில் சொன்னால் 2 கோடியே 18 லட்சம் மாடுகள். பலவற்றுக்கு வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. நன்றாகத் தின்னும், நன்றாகக் கறக்கும். சந்தையில் பல்லும் சுழியும் பார்த்தால் தெரியாது. அதனால்தான் சோதனை.

கழுத்தில் ரெண்டு ஊசி

முதல் வழி தோல் சோதனை. இதற்குப் பயன்படும் மருந்தின் பெயர் டியூபர்குலின். காசநோய்க் கிருமியை வளர்த்து, கொன்று, அதிலிருந்து பிரித்தெடுக்கும் புரதச் சத்து இது. 1890-ல் ராபர்ட் கோக் இதைக் காசநோய்க்கான மருந்தாகத்தான் அறிவித்தார். மருந்தாக அது தோற்றுப்போனது. ஆனால், நோயைக் கண்டுபிடிக்க உதவும் என்று கால்நடை மருத்துவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். இன்றுவரை உலகம் முழுக்க மாடுகளுக்கு அதுதான்.

எப்படி வேலை செய்கிறது? உங்கள் வீட்டுக்கு ஒருமுறை திருடன் வந்துபோய்விட்டான் என்று வையுங்கள். அப்புறம் அவன் செருப்பை மட்டும் வாசலில் பார்த்தாலும் நாய் குரைக்கும். டியூபர்குலின் அந்தச் செருப்பு மாதிரி. கிருமியை ஏற்கெனவே சந்தித்த மாட்டின் உடம்பு, ஊசி போட்ட இடத்துக்கு அணுக்களை அனுப்பும். அந்த இடம் வீங்கும். கிருமியைப் பார்த்தே இராத மாடு சும்மா இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். மண்ணிலும் தண்ணீரிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த, மாட்டுக்குக் காசநோய் தராத கிருமிகள் நிறைய இருக்கின்றன. அதே மாதிரி செருப்பு போட்ட அப்பாவியைப் பார்த்தும் நாய் குரைக்கும் அல்லவா? அதற்காகத்தான் இரண்டு ஊசி. ஒன்று மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்தது. இன்னொன்று பறவைகளுக்கு வரும் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்தது. கழுத்தில் இரண்டு இடத்தில் முடியை மழித்து, தோலின் தடிமனை அளந்து குறித்துக்கொண்டு, தோலுக்குள்ளேயே நிற்கும்படி ஊசி போடுவார்கள். சரியாக 72 மணி நேரம் கழித்து அதே இடங்களை மறுபடி அளப்பார்கள்.

செவலைக்கு என்ன வந்தது தெரியுமா? பறவை ஊசி போட்ட இடம் 8 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆனது. ஏறியது 2. மாட்டு ஊசி போட்ட இடம் 8-லிருந்து 17 ஆனது. ஏறியது 9. இரண்டுக்கும் வித்தியாசம் 7. மாட்டு ஊசியின் வீக்கம் 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக இருந்தாலே பாசிட்டிவ்.

கருப்பிக்கு? பறவை ஊசியில் 1, மாட்டு ஊசியில் 3. வித்தியாசம் 2. இது ஆமாம் என்றும் சொல்ல முடியாத, இல்லை என்றும் சொல்ல முடியாத இடம். வித்தியாசம் 1 முதல் 4 வரை இருந்தால் 'சந்தேகம்' என்றுதான் எழுதுவார்கள். குறைந்தது 42 நாள் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். உடனே போட்டால், முதல் ஊசியின் தாக்கத்தில் தோல் சரியாக வீங்காமல் ஏமாற்றிவிடும்.

"அப்ப ரத்தத்துல பார்த்துட முடியாதா?"

இதை சித்தி கேட்டார். முடியும். இதுதான் இரண்டாவது வழி. மாட்டின் ரத்தத்தை உறையாத மருந்து போட்ட குழாயில் எடுப்பார்கள். அதோடு டியூபர்குலினைக் கலந்து, உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். கிருமியை முன்பே சந்தித்த வெள்ளை அணுக்கள் அந்த ரத்தத்தில் இருந்தால் 'காமா இன்டர்பெரான்' என்ற பொருளைச் சுரக்கும். எவ்வளவு சுரந்திருக்கிறது என்று மறுநாள் அளப்பார்கள். கழுத்தில் மூன்று நாள் நடப்பது, இங்கே கண்ணாடிக் குழாயில் ஓர் இரவில் நடக்கிறது.

இதில் ஒரு சுவாரஸ்யம். ஆஸ்திரேலியாவில் 1980-களில் மாடுகளுக்காகத்தான் இந்தச் சோதனையை உருவாக்கினார்கள். பிறகு அதே வழியில் மனிதர்களுக்கும் கொண்டுவந்தார்கள். இன்று நம் ஊர் லேப்களில் காசநோய்த் தொற்றுக்கு 'இக்ரா' டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார்களே, அதற்கு முன்னோடி மாடுதான்!

ரத்தச் சோதனையில் டாக்டர் ஒருமுறை வந்தால் போதும். சில மாடுகளில் தோல் சோதனையைவிட முன்னதாகவே தொற்றைக் காட்டிவிடும். ஆனால், ரத்தத்தில் இருக்கும் அணுக்கள் உயிரோடு லேப்புக்குப் போய்ச் சேர வேண்டும். ஐஸ் பெட்டியில் வைக்கக்கூடாது. கூடுமானவரை அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும். செலவும் அதிகம். நோயில்லாத மாட்டை நோயுள்ளதாகக் காட்டும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். "இங்கேருந்து லேப்புக்குப் போறதுக்குள்ள பொழுது போயிடும்மா, 42 நாள் பொறுத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

இரண்டு சோதனைகளுமே நூற்றுக்கு நூறு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல பத்தாண்டுகளாக இதே தோல் சோதனையை நம்பியிருக்கும் பிரிட்டனில், நோயுள்ள 5 மாடுகளில் ஒன்றை அது தவறவிடலாம் என்று கணக்கிடுகிறார்கள். புதிதாகத் தொற்றிய மாடு, சமீபத்தில் கன்று ஈன்ற மாடு, நோய் மிகவும் முற்றிய மாடு ஆகியவற்றுக்குத் தோல் வீங்காமல் போகலாம். அதனால் ஒற்றை ரிசல்ட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், மாட்டின் நிலைமை, கூட இருக்கும் மாடுகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள்.

"தவணையை நீ கட்டுவியா?"

ரிசல்ட் வந்த மறுநாளே தரகர் வந்துவிட்டார். "விஷயம் வெளிய தெரியறதுக்குள்ள பக்கத்து மாவட்டச் சந்தைக்கு ஏத்திடலாம். முப்பதாவது தேறும்" என்றாராம்.

நான் போனில் குதித்தேன். "விக்காதீங்க சித்தப்பா, இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிடும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார், "வாராவாரம் குழுவுக்குத் தவணை போகுது. அதை நீ கட்டுவியா பாப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து அறிவுரை சொல்வது சுலபம். ஆஸ்திரேலியா சோதித்து, நோயுள்ள மாடுகளை நீக்கி, 1997-ல் மாட்டுக் காசநோய் இல்லாத நாடாக அறிவித்துக்கொண்டது. இங்கே அப்படி நாடு தழுவிய திட்டம் இல்லை. சினை ஊசிக்கு விந்து எடுக்கும் நிலையங்களில் காளைகளைச் சோதித்தாக வேண்டும். ஆனால், ரெண்டு மாடு வைத்திருப்பவர் சோதனை செய்து பாசிட்டிவ் வந்தால் அந்த நஷ்டம் அவர் தலையில்தான். காசநோய் மாட்டுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பதையும் பரிந்துரைப்பதில்லை. மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும், பாலிலும் மருந்து கலக்கும். உண்மையைத் தெரிந்துகொண்டதற்கு அபராதம் கட்டச் சொன்னால் யார்தான் சோதனைக்கு வருவார்? இதை மாற்றாமல் எத்தனை நல்ல டெஸ்ட் வந்தாலும், மாடுகள் ராத்திரியில் வண்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

முடிவைச் சொன்னது சித்திதான். "நமக்கும் ஒருத்தன் இப்படித்தானே வித்துட்டுப் போனான்? அதையே நாமளும் இன்னொருத்தருக்குப் பண்றதா?"

தரகர் கிளம்பிப் போய்விட்டார்.

அப்புறம் என்ன செய்தார்கள்?

செவலையை நிலத்து ஓரத்துப் புங்கமரத்தடிக்கு மாற்றினார்கள். தனித் தொட்டி, தனி வாளி. கொட்டகையைக் கழுவி கிருமிநாசினி அடித்தார்கள். கருப்பியின் பாலையும் மறு சோதனை முடியும்வரை சொசைட்டிக்கு ஊற்றவில்லை. அந்த 42 நாளும் வீட்டில் பால் வருமானம் இல்லை. தவணைக்கு சித்தியின் கம்மல் அடகுக்குப் போனது.

வீட்டில் எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்-ரேவும் எடுத்துக்கொண்டார்கள். நல்லவேளை, யாருக்கும் எதுவும் இல்லை. 42 நாள் கழித்து கருப்பிக்கு மறுபடி ஊசி போட்டார்கள். இந்த முறை இரண்டு இடமும் ஒரே அளவு. நெகட்டிவ்! அன்று மாலையே கருப்பியின் பால் சொசைட்டிக்குப் போனது.

நீங்க கவனிக்க வேண்டியது

* பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். 'கறந்த சூட்டோடு பச்சையா குடிச்சா தெம்பு' என்று குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பாக்கெட் பால் ஏற்கெனவே சூடாக்கிப் பதப்படுத்தப்பட்டதுதான்.

* மாடு காரணமில்லாமல் இளைத்து, நாள்பட்ட இருமலும் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காசநோய்ச் சோதனை பற்றி நீங்களே கேளுங்கள்.

* புதிதாக வாங்கிய மாட்டை முதல் நாளே மற்ற மாடுகளோடு கட்டாதீர்கள். தனியாகக் கட்டி, சோதித்த பிறகு சேருங்கள்.

* வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால், "நாங்க மாடு வச்சிருக்கோம்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். காசநோய்க்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகளில் ஒன்றான பைரசினமைடு, போவிஸ் கிருமியிடம் வேலை செய்யாது.

* சிகிச்சையின் தொடக்கத்தில் இருக்கும் நோயாளி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை கொட்டகைப் பக்கம் போகாமல் இருப்பது மாட்டுக்கும் நல்லது.

போன வாரம் சித்தப்பா மறுபடி சந்தைக்குப் போனார். பல் பார்த்தார், சுழி பார்த்தார், மடி பார்த்தார். துண்டுக்குள் விரலைப் பிடித்தபோது, "டெஸ்ட் ஊசி போட்டு மூணு நாள் பார்த்துட்டுப் பணம் தரேன்" என்றாராம். தரகர் சிரித்துவிட்டார். சித்தப்பா வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

"பரவாயில்ல பாப்பா, அடுத்த வாரமும் கேப்பேன்" என்கிறார். சந்தையில் இன்னும் நாலு பேர் இதையே கேட்டால் தரகர் சிரிக்க மாட்டார் என்பது அவர் கணக்கு.