முதலாண்டிலேயே முடங்கிவிட வேண்டாம்!



பட்டம் பெற்ற பிள்ளை சட்டக் கல்லூரியில் சேருகிறேன் என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "கோர்ட்டு வாசலை மிதிக்காமல் இருந்தாலே போதும், வேலைக்குப் போ" என்கிறோம். சேர்ந்த பிள்ளை முதலாண்டுப் பாடங்களின் ஆங்கிலத்துக்கும் இலத்தீன் சொற்களுக்கும் மிரண்டு நின்றுவிட்டால், "அப்போதே சொன்னோமே" என்கிறோம். இந்தப் போக்கு மாற வேண்டும்.

முதலாண்டில் அப்படி என்னதான் படிக்கிறார்கள்? பல பல்கலைக்கழகங்களில் ஒப்பந்தச் சட்டமும் அரசமைப்புச் சட்டமும் அந்த ஆண்டுப் பாடங்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் என்ன சொல்கிறது? மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதம் சம்மதமாகாது. ஏமாந்தவர் அந்த ஒப்பந்தத்தை மறுக்கலாம் என்கிறது. ஒன்றைச் சொல்லி வேறொன்றில் கைநாட்டு வாங்கும் மேஸ்திரிகளை அறிந்த நமக்கு இது அந்நியப் பாடமா?

அரசமைப்புச் சட்டத்தில் வருவது பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு. 1961இல் சேலத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்த் தொழிலாளி ஒருவரின் குடிசையை 1981இல் மாநகராட்சி இடித்தது. குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றியது. அவர் திரும்பி வந்தார். உச்ச நீதிமன்றத்தில் மனுதாரர்களில் ஒருவராக நின்றார். 1985இல் தீர்ப்பு வந்தது: 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும்! ஆனால் அதே தீர்ப்பு, உரிய முன்னறிவிப்பு தந்து நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் சொன்னது. பாதி வெற்றிதான். மீதிப் பாதிக்கு வாதாட வேண்டியவர் யார்? நம் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா?

வக்கீல் தொழிலில் தொடக்க ஆண்டுகளில் வருமானம் குறைவு என்பார்கள். மறுக்கவில்லை. எல்லாரும் கறுப்புக் கோட்டுப் போட வேண்டும் என்பதும் இல்லை. நோட்டீஸ் வந்தால் படித்துச் சொல்லவும், கெடு தவறாமல் பதில் எழுதவும் குடியிருப்புக்கு ஒருவர் வேண்டாமா? அந்த ஒருவர் நம் மகளாகவும் இருக்கட்டும்.

ஒரு பாடத்தில் தவறினால் அது சிக்னலில் நின்ற வண்டி. அதற்காக இறங்கி வீட்டுக்கு நடக்கலாமா? முதலாண்டைத் தாண்டியவர்கள் ஞாயிறுதோறும் சங்கத்துக்கு வாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடத்தைத் தமிழில் விளக்குங்கள். பெற்றோர்களே, புத்தகம் வாங்கிக் கொடுங்கள், பொறுமையும் கொடுங்கள்.

சட்டம் தெரியாதவனைத்தான் சட்டம் மிரட்டும். நம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ளட்டும்!