நோயா? நடிப்பா?

"எதிலும் மனம் நிற்பதில்லை, டாக்டர்!"

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் பலர் இப்படி முறையிடுகிறார்கள். இதற்கு 'ஏ.டி.எச்.டி.' என்று பெயர். கவனச் சிதறல் நோய். பெரியவர்களுக்கும் உண்டு.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் மாத்திரை கிடைக்கும். பரீட்சையில் கூடுதல் நேரமும் கிடைக்கும். அந்த ஆசையில் நோய் இல்லாத சிலரும் நடிக்கிறார்கள்.

நடிப்பது சுலபம்! கென்டக்கி பல்கலைக்கழகத்தார் நோயற்ற மாணவர்களுக்குப் பணம் தருவதாகச் சொல்லி நடிக்க வைத்தார்கள். நோயின் அடையாளங்களை மாணவர்கள் கொஞ்ச நேரம் படித்தார்கள். கேள்வித்தாளில் அச்சு அசலாக நோயாளி போலவே எழுதிவிட்டார்கள். (இந்த ஆராய்ச்சி 2010-ல் வெளிவந்தது.)

ஆனால் வேறொரு சோதனை உண்டு. 50 படங்களைக் காட்டுவார்கள். பிறகு, பழைய படம் ஒன்று, புதுப் படம் ஒன்று. "முன்பு பார்த்தது எது?"

கஷ்டமாகத் தோன்றும். உண்மையில் மிகச் சுலபம். நோயாளிகளே அநேகமாக எல்லாம் சரியாகச் சொல்லிவிடுவார்கள். நடிப்பவருக்கு இது தெரியாது. வேண்டுமென்றே தப்புச் சொல்லி மாட்டிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வருமே!

தவறியவர் எல்லாம் பொய்யரா? இல்லை. வேறு கவலையால் மனம் ஊன்றாதவரும் தவறலாம். அவரை விரட்டினால், உண்மை நோயாளிக்கு மருந்து போய்விடும். ஆகவே நல்ல டாக்டர்கள் சிறு வயதுக் கதையையும் கேட்கிறார்கள். நோயின் அடையாளங்கள் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது 2013 முதல் அங்கே விதி. பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டைப் பார்க்கிறார்கள். தாயாரையும் விசாரிக்கிறார்கள்.