சிறுவர் நாவலும் முதிர்ந்த வாசகரும்

சிறுவருக்கென எழுதப்பெற்ற நாவலொன்றை வளர்ந்த ஒருவர் சுவைத்துப் படிப்பின், அதனை அறிவு முதிராமையின் அடையாளமெனக் கொள்ளும் மனப்பாங்கு நம் பல்கலைக்கழகச் சூழலில் வேரூன்றியுள்ளது. இம்மனப்பாங்கு தமிழ் மரபுக்குப் புறம்பானது. திறனாய்வுக்கும் ஊறு விளைப்பது.

மரபை முதலில் நோக்கலாம். தொல்காப்பியர் யாப்பின் எழுநிலத்தை வகுக்குமிடத்துப் பாட்டு, உரை, நூல் என்பவற்றோடு பிசியையும் ஒருங்கு வைத்தெண்ணினார். விடுகதை சிறுவர்க்குரியதென அவர் அதனை ஒதுக்கினாரல்லர். ஔவையாரின் ஆத்திசூடியைத் திண்ணைப் பள்ளிச் சிறார் மனனஞ் செய்தனர்; அதன் பொருளாழத்தை உணர்ந்தோர் முதியோர். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் சிறுவர்க்குப் பாடியவற்றை ஈழத்து முதியோர் இன்றும் சுவைக்கின்றனர். பாட்டைச் சுவைப்பதில் இல்லாத இழுக்கு நாவலைச் சுவைப்பதில் மட்டும் எங்ஙனம் வந்தது?

ஸ்கொட் ஓடெல் எழுதி 1960இல் வெளிவந்து, 1961இல் அமெரிக்காவின் நியூபெரிப் பதக்கம் பெற்ற 'நீல டொல்பின்களின் தீவு' என்னும் நாவலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தன் இனத்தார் கப்பலேறித் தீவை நீங்கிய வேளை, தவறிப்போன தம்பிக்காகக் கடலிற் குதித்து மீண்ட கரானா என்னும் சிறுமியின் கதை அது. தம்பியைக் காட்டுநாய்கள் கொன்றுவிடுகின்றன. பழிவாங்க அம்பு தொடுத்தவள், காயமுற்ற நாய்த்தலைவனைக் கொல்ல மனமின்றிப் பேணித் தோழனாக்குகிறாள். தந்தையைக் கொன்ற இனத்தாரோடு வந்த பெண்ணொருத்தியுடனும் நட்புக் கொள்கிறாள்.

12 வயதுச் சிறுவன் இதனைச் சாகசக் கதையாகப் படிப்பான், அது முறையே. ஆயின், நிலாவெளிக் கரையில் நின்று எதிரே தோன்றும் புறாத்தீவை நோக்கும் முதிர்ந்த வாசகர், போர்க்காலத்தில் ஊர் நீங்கி மீண்டவராயிருக்கலாம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலைக்கு உறவுகளைப் பறிகொடுத்தவராயிருக்கலாம். பகை துறத்தல் எத்துணை அரிதென அவர் அறிவார். இறுதியில் கப்பல் வருகிறது. வந்தோருக்கோ கரானாவின் மொழி விளங்கவில்லை. சிறுவனுக்கு அது மீட்சி. மொழியிழப்பின் அச்சமறிந்த தமிழ் வாசகருக்கு அது மற்றொரு தனிமையின் தொடக்கம். கதைக்கு மூலமான பெண், சான் நிக்கலஸ் தீவில் 18 ஆண்டுகள் தனித்திருந்து, 1853இல் கரைசேர்க்கப்பட்டபின் ஏழு வாரங்களுள் இறந்தாள் என்பது வரலாறு. இவ்வாசிப்பையா சிறுபிள்ளைத்தனம் என்பது?

வாழ்வின் சிக்கல்களுக்கு அஞ்சியோரே எளிய நூல்களில் தஞ்சம் புகுவர் எனச் சிலர் வாதிப்பர். தப்பியோடுதற்குரிய நூல்கள் உள என்பது உண்மையே. அவை வளர்ந்தோருக்கான தொடர்கதைகளிலும் மலிந்துள்ளன. எளிமை வேறு; வெறுமை வேறு.

இந்தியச் சாகித்திய அக்காதெமி சிறுவர் இலக்கியத்துக்கென 2010 முதல் தனிப் பரிசு வழங்கிவருகிறது. கீழடித் தொன்மையைப் பொருளாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் அதனைப் பெற்றது. இத்தகைய நூல்களை எழுதுவோர், பதிப்பிப்போர், பரிசுக்குத் தெரிவோர், விலைகொடுத்து வாங்குவோர் ஆகிய அனைவரும் வளர்ந்தோரே. படித்து இன்புறுவதற்கு மட்டும் அவர்கள் நாணவேண்டுமாம்!

இந்நாணத்தின் விளைவு சிறிதன்று. தாம் படியாத நூலைப் பிள்ளைக்கு வாங்குபவர் அட்டைப்படத்தையும் அறிவுரையையும் கண்டே வாங்குவர். திறனாய்வாளர் தீண்டாத துறையில் தரமும் தரமின்மையும் ஒரே விலைக்குப் போகும். கதை கேட்டு ஏங்கும் நிலாவெளிச் சிறுவனின் கையில் நீதிபோதனை மட்டுமே எஞ்சும்.

சிறுவர் நாவல் விரிவுரை மண்டபத்துள் வரட்டும். கருத்தரங்குகளிற் கடுமையாக விவாதிக்கப்படட்டும். அதற்கு முதற்படி அதனை மனமுவந்து படித்தல். நாணவேண்டியோர் படித்து மகிழ்வோர் அல்லர், படியாமலே இகழ்வோர்.