துப்பாக்கி விற்பனை: 45 நாள் விதி ஏட்டளவில் நிற்கலாகாது

பழைய இருசக்கர வாகனத்தையும் கைபேசியையும் இணையத்தில் படம் போட்டு விற்பது நாடெங்கும் இயல்பாகிவிட்டது. அதே வழியில் துப்பாக்கிகளும் கைமாறத் தொடங்கியுள்ளன. சமூக ஊடகங்களில் கைத்துப்பாக்கிகளைக் காட்டி விலை பேசிய கும்பல்களைப் பல மாநிலங்களின் காவல்துறையினர் பிடித்துள்ளனர். மறுபுறம், முறையாக உரிமம் பெற்று வைத்திருந்த துப்பாக்கியை முதுமையாலோ தேவை தீர்ந்ததாலோ விற்றுவிட விரும்பும் குடிமகனும் இன்று இணையத்திலேயே ஆள் தேடுகிறார். இவ்விருவரையும் பிரிக்கும் கோட்டைச் சட்டம் தெளிவாகவே வரைந்திருக்கிறது. அரசு இயந்திரம்தான் அக்கோட்டைக் கண்டுகொள்வதில்லை.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, வணிக உரிமம் இல்லாத ஒருவரும் தமது சொந்தப் பயன்பாட்டுக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை விற்க இடமளிக்கிறது. ஆனால், வாங்குபவர் அதை வைத்திருக்கச் சட்டப்படி உரிமை உடையவராக இருக்க வேண்டும். விற்கும் எண்ணத்தை, வாங்குபவரின் பெயர் முகவரியுடன், மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பின்னரே ஆயுதம் கைமாறலாம். எனவே இணையம் ஆளைத் தேடித் தரலாமே தவிர, அங்கேயே பணத்தைப் பெற்றுக்கொண்டு பொட்டலம் கட்டி அனுப்பிவைக்கும் வேலைக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

விற்பவர் வாங்குபவரின் உரிமத்தை மூலப் பிரதியாகவே பார்த்தாக வேண்டும். அது காலாவதியாகாமல் இருக்கிறதா, அந்த வகை ஆயுதத்துக்கு அனுமதி அளிக்கிறதா, தேசியத் தரவுத்தளத்தின் தனித்த அடையாள எண் அதில் உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகை பெறாமலும், விற்ற ஆயுதத்தைத் தமது உரிமத்திலிருந்து நீக்கும் பதிவைச் செய்யாமலும் விட்டால், நாளை அத்துப்பாக்கி எங்கு வெடித்தாலும் காவல்துறை முதலில் தட்டுவது அவரது கதவைத்தான். உரிமத்தின் படத்தையும் வீட்டு முகவரியையும் விளம்பரத்தில் போடுவது கொள்ளையருக்கு அழைப்பு விடுப்பதற்கு ஒப்பாகும். இத்தனை அலைச்சல் வேண்டாம் என்போருக்கு உரிமம் பெற்ற ஆயுத வணிகரே உகந்த வழி.

உரிமதாரர் இறந்துவிட்டால், தாத்தாவின் நினைவாக இருக்கட்டும் என்று அவரது துப்பாக்கியைப் பரணில் போட்டு வைப்பதும் குற்றமே. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ அதை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. ஒப்படைத்தாலும், உரிய காலத்துக்குள் தகுதியுள்ள ஒருவருக்கு அதை விற்கும் உரிமை வாரிசுகளுக்கு உண்டு. இந்தச் செய்தி பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டியவர்களும் தெரிவிப்பதில்லை. காவல் நிலையத்துக்குப் போனால் என்ன கேள்வி வருமோ என்ற அச்சம் மக்களைத் தரகரிடம் தள்ளுகிறது.

விதி இவ்வளவு விரிவாக இருந்தும், 45 நாள் அறிவிப்பைக் கொடுக்காமல் விற்பவருக்கான தண்டனை என்ன? ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆம், வெறும் 500 ரூபாய்! 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்திய ஒன்றிய அரசு, சட்டவிரோத ஆயுத விற்பனைக்கான தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தியது. கொண்டாட்டங்களில் துப்பாக்கியால் சுடுவோருக்குக்கூட ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்தது. ஆனால், இந்த 500 ரூபாயை அது தொடவே இல்லை. அதே திருத்தத்தில், ஒருவர் ஒரு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்று முதலில் முன்மொழிந்தது. எதிர்ப்பு எழுந்ததும் இரண்டு என்று இறங்கி வந்தது. கூடுதலாக வைத்திருந்தோர் அவற்றை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றது. அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவை எத்தனை, விற்கப்பட்டவை எத்தனை என்ற கணக்கு மாநிலவாரியாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டாமா?

கேள்வி வீணானதல்ல. 2016 இறுதியில் நாட்டில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுத உரிமங்கள் இருந்தன. உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்துக்கும் மேல். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை வழங்கப்பட்ட ஏறத்தாழ 2.78 லட்சம் உரிமங்கள் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உள்ளாயின. தகுதியற்றோருக்கு உரிமம் வழங்க உயர் அதிகாரிகளும் ஆயுத வணிகர்களும் கைகோத்தனர் என்பது குற்றச்சாட்டு. கிராமப்புற வட இந்தியாவில் தோளில் தொங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி யாருடையது, எந்த நிலவுடைமையின் அடையாளம், அதன் குழல் எந்தச் சேரியை நோக்கித் திரும்பும் என்பதை விவசாயத் தொழிலாளர்கள் நன்கறிவார்கள். 1997 டிசம்பர் 1 அன்று பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் நிலவுடைமையாளரின் தனியார் படை 58 தலித்துகளைக் கொன்று குவித்தது. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் தண்டிக்கப்பட்ட அனைவரையும் விடுவித்தது.

கொலைகளில் பெரும்பாலும் பயன்படுவது உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளே. அப்படியிருக்க, உரிமதாரரை ஏன் கெடுபிடி செய்ய வேண்டும் என்று கேட்கப்படுகிறது. முதல் பகுதி உண்மை. 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் தோழர் கோவிந்த் பன்சாரே சுடப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் தார்வாடில் கல்புர்கியும், 2017 செப்டம்பரில் பெங்களூருவில் கௌரி லங்கேஷும் வீழ்த்தப்பட்டனர். பின்னிருவரையும் கொன்றது ஒரே 7.65 மி.மீ. நாட்டுத் துப்பாக்கி என்று தடயவியல் ஆய்வு தெரிவித்தது. ஆனால் நாட்டுத் துப்பாக்கியைப் பட்டறையில் செய்யலாம். தோட்டாவை அவ்வளவு எளிதில் செய்ய முடியாது. உரிம முறையில் ஏற்படும் ஒவ்வொரு கசிவும் அந்தக் கள்ளச் சந்தைக்கே தீனியாகிறது. முங்கேரில் உரிமம் பெற்ற தொழிற்கூடங்கள் நலிந்தபோது, தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்யும் கைவினைஞர்கள் பலர் பிழைப்புக்காகக் கள்ளப் பட்டறைகளுக்குப் போனார்கள். அவர்களைச் சிறையில் தள்ளுவதில் காட்டும் முனைப்பை மாற்று வேலை தருவதில் எந்த அரசும் காட்டவில்லை.

இந்நிலையில், அசாமில் பாஜக அரசு எதிர்த்திசையில் நடக்கிறது. எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகள் என்று தானே வரையறுத்த இடங்களில் ‘பூர்வகுடியினருக்கு’ ஆயுத உரிமம் வழங்க 2025 மே மாதம் அதன் அமைச்சரவை முடிவெடுத்தது. விண்ணப்பிக்க இணையதளமும் திறந்தது. மக்களைக் காக்கும் பொறுப்பைக் கைகழுவி, பிளவுண்ட சமூகத்தின் ஒரு தரப்பிடம் துப்பாக்கியை நீட்டும் செயல் இது. உரிமம் வழங்க இணையதளம் அமைக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் துப்பாக்கி நாளை யார் கைக்குப் போகிறது என்பதைக் கண்காணிக்க மனமில்லை.

உரிமமற்ற ஆயுதங்கள் பெருகுவதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்த உச்ச நீதிமன்றம், செயல்திட்டம் வகுக்க ஒவ்வொரு மாநிலத்திலும் குழு அமைக்குமாறு 2024 நவம்பரில் உத்தரவிட்டது. அக்குழுக்கள் தனியார் விற்பனையையும் தமது வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். 45 நாள் அறிவிப்பை அதே தேசியத் தரவுத்தளத்தில் பதிவு செய்து, வாங்குபவரின் உரிமத்தைக் காவல்துறை அக்காலத்துக்குள் சரிபார்த்து எழுத்துமூலம் பதில் தருவது கட்டாயமாக்கப்பட வேண்டும். பதிவு எண் இல்லாத ஆயுத விளம்பரத்தை அகற்றும் பொறுப்பைச் சமூக ஊடக நிறுவனங்கள் மீது சுமத்த வேண்டும். துப்பாக்கியே வேண்டாம் என்று முன்வருவோரிடமிருந்து, கேள்விக்கணைகளால் துளைக்காமல், நியாய விலை கொடுத்து அரசே அதைப் பெற்று அழிக்க வேண்டும். 25ஆவது பிரிவின் 500 ரூபாய் அபராதத்தைத் திருத்தும் மசோதாவை ஒன்றிய அரசு அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும்.